பனிக்கடல் பறவைக்குள் நஞ்சு: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் டியூஷன் நடத்துகிறேன். உணவுச் சங்கிலி பாடம் வந்தால் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பேன்: ஆள் நடமாட்டமே இல்லாத துருவத்தில் வாழும் கடல்பறவையின் உடம்பில் டிடிடி என்ற பூச்சிமருந்தும், பிசிபி என்ற பழைய மின்சாதன எண்ணெய் இரசாயனமும் எப்படிச் சேர்ந்தன?

போன வாரம் முதல் தாளைத் திருப்பினால், பனிக்கரடி ஒன்று பென்குவினைத் துரத்திக்கொண்டிருந்தது. படம் என்னவோ அழகுதான். ஆனால் கரடி இருப்பது வடகோடியில், பென்குவின் தெற்கில். இயற்கையில் இரண்டும் சந்தித்துக்கொள்ள வழியே இல்லை. ஆர்க்டிக் என்றால் நுண்பாசி, அதைத் தின்னும் அரிசிமணி அளவு கோப்பிபாட் என்ற கடலுயிரி, துருவக் காட் மீன், கில்லிமாட் பறவை, அந்தப் பறவையின் முட்டையையும் குஞ்சையும் தூக்கிக்கொண்டு போகும் கிளாக்கஸ் கடற்காகம். அண்டார்டிகா என்றால் நுண்பாசி, குட்டி இறால் போன்ற கிரில், பென்குவின், அதன் முட்டையையும் குஞ்சையும் தின்னும் ஸ்குவா பறவை. இரண்டையும் கலக்காதீர்கள். அம்புக்குறி தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போக வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

"அங்கே ஃபேக்டரி இல்லை, அதனால் கடல் சுத்தம்" என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். அடேலி பென்குவின் உடம்பில் டிடிடி இருப்பது 1966-லேயே ஆய்வில் வெளிவந்துவிட்டது. இந்த வகை நஞ்சு சூடான ஊரில் ஆவியாகிக் காற்றில் ஏறும், குளிர்ந்த இடத்தில் இறங்கும், வெயில் பட்டால் மறுபடி கிளம்பும். வெட்டுக்கிளி மாதிரி தத்தித் தத்திப் போய்க் கடைசியில் துருவத்துக் குளிரில் தங்கிவிடும். நம் ஊரிலும் மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்த காலம் உண்டு, தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்காக "எங்கள் பாட்டி வீட்டுச் சுவர் மருந்துதான் பென்குவினுக்குப் போனது" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி முகவரி போட்டுக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. பறவையே வெளியூர் போய் நஞ்சைத் தின்று வருவதும் உண்டு. தென்துருவ ஸ்குவா குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டிய பசிபிக் வரைக்கும் பறக்கிறது. கூடு அண்டார்டிகாவில் இருந்தால் சாப்பாடும் முழுக்க அங்கேதான் என்று நினைக்கக் கூடாது.

ஆனால் பெரிய தவறு வேறு. "சின்ன மீன் நிறைய நஞ்சைத் தின்கிறது, பெரிய பறவை நிறைய சின்ன மீனைத் தின்கிறது, அதனால் கூடுகிறது." கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் உள்ள ஓட்டை புரியும். நூறு மரத்துக் கோப்பைப் பாலை ஒரே வாளியில் ஊற்றினால் அளவு கூடும், பாலின் கெட்டி கூடுமா? அதே கெட்டிதான். கெட்டியாக வேண்டுமென்றால் தண்ணீர் போக வேண்டும். சீட்டாக உருட்டிப் புகைக்கூண்டில் காயவைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதில் பெரும்பகுதி ரப்பர். பறவைக்குள் நடப்பதும் அதுதான். தின்ற மீனில் பெரும்பகுதி பறப்பதற்கும் உடம்புச் சூட்டுக்கும் எரிந்து போகிறது. டிடிடியும் பிசிபியும் எரிவதில்லை, தண்ணீரில் கரைந்து வெளியேறுவதுமில்லை, கொழுப்பில் உட்கார்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு படியிலும் இப்படிச் சாப்பாடு கரைய நஞ்சு நிற்பதால்தான் கிராமுக்கு இவ்வளவு என்கிற கணக்கு ஏறுகிறது. விடையில் இந்த ஒரு வரி இல்லையென்றால் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

சரி, எல்லா விஷமும் இப்படி ஏறுமா? ஏறாது. 2020 ஜனவரியிலிருந்து மலேசியாவில் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் போனாலே ஆளைக் கொன்றுவிடும். ஆனால் அது தண்ணீரில் கரையும், மண்ணோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், சங்கிலியில் ஏறாது. கொடிய விஷம் வேறு, ஏறுகிற விஷம் வேறு. "டீச்சர், மருந்து தின்ன எலியை ஆந்தை தின்னா அதே கதைதானே?" என்று ஒருவன் கேட்டான். செம்பனை பிளாக் ஓரத்தில் கம்பத்தில் நிற்கும் மரப்பெட்டியை அவன் தினமும் பார்க்கிறான். எலியைப் பிடிக்கட்டும் என்று கூகைக்காகத் தோட்டத்தில் வைத்த பெட்டி அது. அடியில் கூகை கக்கிப்போட்ட எலும்பும் முடியும் உருண்டையாகக் கிடக்கும். நல்ல கேள்வி. பிரோடிஃபாக்கம் போன்ற எலிமருந்து எலியின் ஈரலில் தங்கும், அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகலாம். ஆனால் அது ஒரே படியில் கை மாறும் விஷம். பல படி ஏறிக் கெட்டியாவது இல்லை. ஒப்பிடலாம், ஒன்றாக்கக் கூடாது.

"நஞ்சு என்றாலே கொழுப்பில்தான் சேரும்" என்பதும் அரைகுறை. நெருப்பணைக்கும் நுரையிலும் கறை ஒட்டாத துணியிலும் இருந்த பிஃபாஸ் (PFOS) என்ற இரசாயனம், புரதத்தைப் பிடித்துக்கொண்டு இரத்தத்திலும் ஈரலிலும் தங்குகிறது. அப்புறம், எப்போது அளந்தார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதுவது. பெண் ஐடர் வாத்து மூன்று வாரத்துக்கு மேல் ஏறக்குறைய பட்டினியாக அடைகாக்கும். கொழுப்பு கரையக் கரைய அதில் உறங்கிய நஞ்சு இரத்தத்துக்கு வரும். ஒரே பறவைதான், மாதத் தொடக்கத்தில் ஒரு அளவு, முடிவில் வேறு அளவு.

தடை வந்ததும் எல்லாம் முடிந்தது என்றும் எழுத வேண்டாம், தடையால் ஒன்றும் ஆகவில்லை என்றும் எழுத வேண்டாம். இப்படி எளிதில் அழியாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் உலக உடன்பாடான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 2001-ல் கையெழுத்தாகி 2004-ல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 12 நஞ்சுகள், 2009-ல் பிஃபாஸும் சேர்ந்தது. கனடாவின் பிரின்ஸ் லியோபோல்ட் தீவில் 1975 முதல் கடல்பறவை முட்டைகளைச் சோதித்து வருகிறார்கள். அதில் பிசிபியும் டிடிடியும் நன்றாகவே குறைந்திருக்கின்றன. குறைந்திருக்கின்றன, மறையவில்லை.

கடைசியாக, பறவையோடு சங்கிலியை நிறுத்திவிடுவது. கனடாவின் டெவன் தீவில் ஃபுல்மார் பறவைகள் கூடு கட்டும் பாறைக்குக் கீழே சின்னச் சின்னக் குளங்கள் உண்டு. பறவை எச்சம் அதிகம் விழும் குளத்தில், விழாத குளத்தைவிட டிடிடி ஏறக்குறைய 60 மடங்கு இருந்ததாக 2005-ல் ஆய்வு வந்தது. கடலில் தின்றதைப் பறவை கரையில் கொண்டுவந்து கொட்டுகிறது. இந்த முறை ஒரே ஒரு பெண் பிள்ளை பறவையின் வாலுக்குக் கீழிருந்து குளத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டிருந்தாள். தாளை எல்லாருக்கும் காட்டியதும் வகுப்பே சிரித்தது. அந்த அம்புக்குறிக்கு முழு மதிப்பெண் போட்டேன்.