பாத்தியோரத்தில் கோடைப் பூக்கிழங்குகள்

குளிர்காலத்திலும் மண்ணிலேயே தங்கி, கோடையில் தானாகப் பூக்கும் கிழங்குகளில் எனக்கு லில்லிமேல்தான் கொள்ளை ஆசை. வெங்காய இனத்து அல்லியமும் பிடிக்கும்.

முதலில் வடிகால். குளிர்காலத்தில் ஈரம் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். களிமண் என்றால் பருமணலும் மட்கிய உரமும் தாராளமாகக் கலந்துவிடுங்கள். கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்தில், முளைமுனை மேல்நோக்கி இருக்கும்படி நடுங்கள். பெரும்பாலான லில்லிகளுக்குத் தண்டிலும் வேர் விடும் என்பதால் 15 முதல் 20 செ.மீ. ஆழம் நல்லது. வெள்ளை மடோனா லில்லி மட்டும் விதிவிலக்கு. அதன்மேல் 2, 3 செ.மீ. மண் போதும். லில்லிக் கிழங்குக்கு மேல்தோல் கிடையாது, சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் வாங்கியதும் நட்டுவிடுங்கள்.

அல்லியத்தை இலையுதிர்காலத்தில் நடுங்கள். பூக்கும் நேரத்திலேயே அதன் இலை பழுத்துவிடும். முன்னால் அடர்ந்த செடி ஏதாவது இருந்தால் அது தெரியாது. ஒற்றையாக வேண்டாம், ஐந்தாறு கிழங்குகள் கூட்டமாக நின்றால்தான் அழகு.

அப்புறம், பூ வாடியதும் காம்பின் நுனியை மட்டும் கிள்ளுங்கள். பச்சை இலையை வெட்டவே வேண்டாம். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அதுதான் சேர்க்கிறது.

வீட்டில் பூனை இருந்தால் லில்லி கூடவே கூடாது. அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அல்லியமும் பூனைக்கு நஞ்சுதான்.