ஜாடிக்குப் பூ வேண்டுமா, காம்போடு வெட்டுங்கள்

நம் வீடுகளில் பூப்பறிப்பது என்றால் தலையை மட்டும் கிள்ளுவதுதான். சாமி படத்துக்கும் கொண்டைக்கும் அது போதும். அதே பூவை ஜாடியில் போட்டால் உள்ளே விழுந்து மிதக்கும், உடனே "நம்ம தோட்டத்துப் பூ ஃப்ளவர் வாஸுக்கு ஆகாது" என்று விட்டுவிடுவோம். பூ மேல் ஒரு தப்பும் இல்லை.

மார்கழி, தையில் ஆரம்பிப்பது சுலபம். சாமந்தி, துலுக்கச் சாமந்தி, கோழிக்கொண்டை, ஜினியா, வாடாமல்லி எல்லாம் ஒரே சமயத்தில் கிடைக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒரு வாளித் தண்ணீரைக் கையோடு எடுத்துக்கொண்டு செடிக்குப் போங்கள், வெட்ட வெட்ட அதிலேயே போட்டுவிடலாம். காம்பு ஒரு சாணாவது இருக்கட்டும், வெட்டு சாய்வாக இருக்கட்டும்.

பூ எந்த அளவு மலர்ந்ததும் வெட்டுவது என்பது பூவுக்குப் பூ மாறும். ரோஜாவை வெளி இதழ் லேசாகப் பிரியும்போதே வெட்டிவிடலாம், சாமந்தி நன்றாக விரிந்திருக்க வேண்டும். சம்பங்கித் தண்டில் கீழே இரண்டு மூன்று பூ மலர்ந்தால் போதும், மற்றவை அடியிலிருந்து மேலாகத் தானே விரியும், வாடினதை மட்டும் கிள்ளிக்கொண்டே வாருங்கள். ஜினியாவுக்கு ஒரு வேடிக்கையான சோதனை உண்டு: காம்பின் நடுவில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தலை தொளதொளவென்று ஆடினால் இன்னும் இரண்டு நாள் செடியிலேயே விடுங்கள்.

அப்புறம், தண்ணீருக்குள் போகும் இலைகளை ஒன்று விடாமல் உருவிவிடுங்கள். இதில் சோம்பல்பட்டு, துலுக்கச் சாமந்தியை அப்படியே செருகிவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் சாக்கடை வாடை! இலை அழுகி, அதில் பெருகும் பாக்டீரியா காம்பின் துளையை அடைத்துவிடும், பூ தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் வாடும். தினமும் தண்ணீரை மாற்றி, ஜாடியையும் கழுவி, காம்பின் நுனியை விரலகலம் நறுக்கிவிட்டால் மாத்திரை, சர்க்கரை என்று எதுவும் போடத் தேவையில்லை.

ஜாடி எதுவானாலும் சரி, பித்தளைச் சொம்பு, ஊறுகாய் ஜாடி, காலி ஹார்லிக்ஸ் பாட்டில். வாய் அகலமாக இருந்தால் மேலே செல்லோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு ஒட்டி, கட்டத்துக்கு ஒரு காம்பாகச் செருகுங்கள், சாயாது. பூக்கள் ஜாடியைப்போல ஒன்றரை மடங்கு உயரம் மேலே நின்றால் பார்க்க நன்றாக இருக்கும். இடையில் பச்சைக்கு மரிக்கொழுந்தோ திருநீற்றுப்பச்சிலையோ வையுங்கள், மணத்துக்கு மணமும் ஆச்சு. பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டிவிடும்.

செம்பருத்தியோடு மல்லுக்கட்ட வேண்டாம், பெரும்பாலும் ஒரு நாள் பூதான் அது. நந்தியாவட்டையோடு சேர்த்து உருளியில் மிதக்கவிடுங்கள். அரளி, செங்காந்தள் இரண்டும் விஷம். அரளி நின்ற தண்ணீரும்கூட விஷம்தான், குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டில் இவை வேண்டவே வேண்டாம்.

மற்ற பூவெல்லாம் வாடினதும் வாடாமல்லியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காம்பைத் துடைத்து, கொத்தாகக் கட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் நன்றாகக் காய்ந்துவிடும். பிறகு தண்ணீரில்லாத ஜாடியில் வையுங்கள், மாதக்கணக்கில் நிறம் போகாது.