மாவுக் கடை டேட்டாபேஸும் ஆளுக்கொரு சாவியும்: போஸ்ட்கிரெஸில் அனுமதி கொடுப்பது எப்படி?

பெங்களூரு அல்சூரில் சித்தப்பாவுக்கு மாவுக் கடை. இந்திராநகர் ஃபிளாட்டுகளுக்குத் தினமும் தோசை மாவு போகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஆர்டர்கள், வாடிக்கையாளர்கள், சம்பளம் என்று மூன்று டேபிள் போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் எல்லா அனுமதியும் உள்ள ஒரே சூப்பர்யூசரில்தான் உள்ளே வந்தார்கள். ஒரு நாள் ஆர்டர் எடுக்கும் அக்கா கண்ணில் சம்பள டேபிள் பட்டுவிட்டது. அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. அன்று இரவே உட்கார்ந்து சரி செய்தேன்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

முதலில் வேலைக்கு ஒரு ரோல் (அனுமதிகளைச் சேர்த்து வைக்கும் பெயர்), அப்புறம் ஆளுக்கு ஒரு லாகின்:

கிரியேட் ரோல் கல்லா நோலாகின்;
கிரியேட் ரோல் அக்கா லாகின்;
கிராண்ட் கல்லா டு அக்கா;

பாஸ்வேர்டை பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்ட் கட்டளையால் வையுங்கள். நாளை வேறொருவர் வேலைக்கு வந்தால் அவருக்கும் கல்லாவைக் கொடுத்தால் போதும்.

அடுத்து அனுமதி. டேபிள்கள் 'கடை' என்ற ஸ்கீமாவில், அதாவது டேபிள்களைச் சேர்த்து வைக்கும் அறையில், இருக்கின்றன. ஸ்கீமாவுக்குள் நுழையவே தனி அனுமதி வேண்டும். புதியவர்கள் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கிராண்ட் யூசேஜ் ஆன் ஸ்கீமா கடை டு கல்லா;
கிராண்ட் செலக்ட், இன்சர்ட், அப்டேட் ஆன் கடை.ஆர்டர்கள் டு கல்லா;

டிலீட் கொடுக்கவில்லை. ஆர்டர் ரத்தானால் நிலையை மாற்றினால் போதும், டேபிளில் அந்த ஆர்டரின் வரிசை அழியக் கூடாது. ஆர்டர் எண் தானாக ஏறும் சீரியல் வகை என்றால், அடுத்த எண்ணைத் தரும் அதன் சீக்வன்ஸுக்கும் யூசேஜ் கொடுங்கள்.

கணக்காளருக்கும் இதேபோல 'கணக்கு' என்று ஒரு ரோல், ஸ்கீமா யூசேஜோடு. அவர் எல்லாவற்றையும் படிக்க வேண்டும்:

கிராண்ட் செலக்ட் ஆன் ஆல் டேபிள்ஸ் இன் ஸ்கீமா கடை டு கணக்கு;

இங்கேதான் நான் சறுக்கினேன். 'ஆல்' என்றால் இந்த நிமிடம் இருக்கும் டேபிள்கள் மட்டுமே. பிறகு டெலிவரி டேபிள் சேர்த்தேன். மாதக் கடைசியில் சிவாஜி நகரிலிருந்து வந்த கணக்காளரால் அதைத் திறக்க முடியவில்லை. இனி வரப்போகும் டேபிள்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்:

ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ் இன் ஸ்கீமா கடை கிராண்ட் செலக்ட் ஆன் டேபிள்ஸ் டு கணக்கு;

இதை அடித்த அதே யூசர் உருவாக்கும் டேபிள்களுக்குத்தான் இது செல்லும். வேறொரு யூசர் டேபிள் போடுவார் என்றால், 'ஃபார் ரோல்' சேர்த்து அவர் பெயரையும் குறிப்பிடுங்கள்.

சரி, இப்போது சோதனை. 'செட் ரோல் அக்கா' அடித்துவிட்டு, கடை.சம்பளம் டேபிளை செலக்ட் செய்து பாருங்கள். 'பெர்மிஷன் டினைட் ஃபார் டேபிள்' என்று வர வேண்டும். 'ரீசெட் ரோல்' அடித்துத் திரும்பி வாருங்கள். கடைக் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பழைய சூப்பர்யூசர் பாஸ்வேர்டை உடனே மாற்றிவிடுங்கள்.