சமாதானமாகப் போனால் லோயர் காசு யார் தலையில்? தாபரிப்பு வழக்கில் விடும் பிழைகள்

தாபரிப்பு வழக்கு, அதாவது பிள்ளையின் மாதச் செலவுக்குக் காசு கேட்டுப் போடும் வழக்கு, இரண்டு மூன்று தவணை இழுத்ததும் "சரி, பிள்ளைக்காகப் பேசி முடிப்பம்" என்று இரு பக்கமும் இறங்கி வருவது மட்டக்களப்பு, கல்முனை நீதிமன்ற வளவுகளில் வழமையான காட்சி. நல்லதுதான். ஆனால் மாதம் எவ்வளவு, எந்தத் திகதி, எந்தக் கணக்கு என்று எல்லாம் பேசுகிறவர்கள் அதுவரை போன செலவைப் பற்றி வாயே திறப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சண்டை.

"பிழை விட்டது அவர், அப்போ என் லோயர் காசையும் அவர்தானே கட்ட வேணும்" என்ற நினைப்புத்தான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. எதிராளி செலவு தர வேண்டும் என்ற பேச்சே ஒருவர் வென்று மற்றவர் தோற்கும்போது வருவது. இணக்கத்தில் தோற்றவர் யார்? செலவைப் பற்றி ஒன்றும் எழுதாமல் கையெழுத்து வைத்தால், அவரவர் செலவு அவரவர் தலையில் என்றுதான் பெரும்பாலும் முடியும். வாகரையிலிருந்து தவணைக்குத் தவணை பஸ் ஏறி, கூலி வேலையையும் விட்டு வந்த தாய்க்கு இது சின்னக் கணக்கில்லை.

வெளியில் விறாந்தையில் நின்று "பீஸ் நான் பார்த்துக்கொள்றேன்" என்று எதிராளி சொன்னதை நம்பி விடுவது அடுத்த பிழை. நீதவான் முன் சொல்லிப் பதியாத பேச்சை ஆறு மாதம் கழித்து எப்படி நிரூபிப்பீர்கள்? தொகை, கொடுக்கும் நாள் இரண்டையும் சொல்லி இணக்கத்திலேயே எழுதுவியுங்கள்.

இன்னொன்று, இதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்: லோயர் காசையும் பிள்ளையின் காசையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது. "மொத்தமாக ஒரு லட்சம் தாறேன்" என்றால் அதில் நிலுவைத் தாபரிப்பு எவ்வளவு, வழக்குச் செலவு எவ்வளவு? 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, கட்டளையிட்ட மாதப் பணத்தைக் கட்டாமல் விட்டால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை மறியலுக்கு அனுப்ப நீதவானுக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பலம் பிள்ளையின் காசுக்கு உரியது. இரண்டையும் கலந்தால், பிறகு "நான் கட்டியது தாபரிப்புத்தான், செலவு இல்லை" என்றோ மறுவளமாகவோ கதை திரும்பும். தாயின் செலவை மாதப் பணத்தில் கழிக்கச் சம்மதிக்கவே வேண்டாம், அது பிள்ளையின் சாப்பாடு.

சிலர் தேவையில்லாமலே செலவழிக்கிறார்கள். வசதி குறைந்தவர்கள் லோயர் பிடிக்க முன்னம் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பார்க்கலாம். காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கம் முஸ்லிம் குடும்பங்களின் தாபரிப்பு, முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியான காழியிடம் போகும். அங்கே சட்டத்தரணி ஆஜராகவே முடியாது, ஆகவே "காழி கோர்ட்டுக்கு வந்து பேசுறேன்" என்று யாராவது பீஸ் கேட்டால் யோசியுங்கள்.

கையெழுத்து வைக்க முன்னம் உங்கள் லோயரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இணக்கத்தோடு உங்கள் பீஸ் முடிந்ததா, இல்லை எதிராளி காசு கட்டாமல் விட்டு நான் திரும்பி வந்தால் தவணைக்குத் தனியாகத் தர வேணுமா?