உரக்கடைச் சுவரொட்டியைப் படிப்பது எப்படி?

கும்பகோணத்திலிருந்து பாபநாசம் போகும் சாலையில் ஓர் உரக்கடை. அதன் கதவில் ஒட்டியிருந்த பூச்சிமருந்து விளம்பரத்தை வைத்தே இந்தப் பயிற்சியைச் செய்யலாம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

முதலில், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். "கம்பீரம்", "நம்பிக்கை" போன்ற சொற்கள் இப்போது வேண்டாம். நான் எழுதியது: வெள்ளை வேட்டி கட்டிய நடிகர், தோளில் பச்சைத் துண்டு, கையில் மருந்துப் புட்டி, பின்னால் முற்றிய கதிர், வயலில் தண்ணீர்.

அடுத்து, ஒவ்வொன்றும் அங்கே எதற்கு என்று கேளுங்கள். இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பச்சைத் துண்டு விவசாய சங்கத்தாரின் அடையாளம். அதைப் போட்டதும் நடிகர் நம் ஊர்க்காரராகிவிடுகிறார். கேமராவைத் தாழ வைத்து எடுத்ததால் நாம் அவரை அண்ணாந்து பார்க்கிறோம். காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. நெல்லோ அறுப்புக்குத் தயாராகப் பழுத்திருக்கிறது, ஆனால் வயலில் தண்ணீர் தளும்புகிறது! அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுவோம் என்பது டெல்டாவில் யாருக்குத் தெரியாது? பொன்னிறமும் தண்ணீரும் சேர்ந்தால் மனம் செழிப்பு என்று எடுத்துக்கொள்ளும். அதற்காகவே இரண்டையும் ஒரே படத்தில் வைத்திருக்கிறார்கள்.

பிறகு, நடிகரின் முகத்தைக் கட்டைவிரலால் மறையுங்கள். எந்தப் பூச்சிக்கு, ஏக்கருக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அந்த முகத்தின் மேல் நமக்கு இருக்கும் பல வருடப் பிரியம்தான் புட்டியை விற்கிறது. இது பழைய வழி. லக்ஸ் சோப்புக்காக நடிகை லீலா சிட்னிஸ் தோன்றியது 1941-இல்.

கடைசியாக, படம் மறைப்பதைத் தேடுங்கள். பூச்சிமருந்து லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகக் கடுமை குறையும். சுவரொட்டியில் நடிகரின் விரல்கள் சரியாக அந்த இடத்தை மூடியிருந்தன. கடைக்குள் போய் அதே புட்டியை வாங்கித் திருப்பினேன். மஞ்சள். கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து, முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் மருந்தடிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எனக்கு வயிறு கலங்கியது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்தில் தோன்றும் பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. சந்தேகப்படும் விளம்பரத்தைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.