செயற்கைக்கோளை வைத்து உங்கள் ஊர் மழையைக் கணக்கிட

2023 டிசம்பர் 18 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. சராசரியாகவே மணிக்கு 4 செ.மீ.! பக்கத்து ஊர்க்காரனான எனக்கு, மேலே இருந்தே இதை அளக்க முடியுமா என்ற கேள்வி அன்று தொற்றிக்கொண்டது.

முதலில் நம் வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்டின் அகச்சிவப்புப் படத்தைப் பாருங்கள். அது காட்டுவது மழையை அல்ல, மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை. பழைய கணக்கு ஒன்று உண்டு: உச்சி 235 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 38 டிகிரிக்குக் கீழே போனால் மணிக்கு 3 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வது. பெரிய பரப்பின் மாதச் சராசரிக்குச் சரி, ஒற்றை ஊருக்கு உதவாது. நாள் முழுக்கக் குளிர்ந்தே கிடந்தாலும் 72 மி.மீ. தானே வரும்? போதாததற்கு, மழை விட்ட பிறகும் உயரத்தில் பரந்து கிடக்கும் மெல்லிய மேகம் படத்தில் வெள்ளையாகவே தெரியும்.

அளவுக்கு நாசாவின் ஐமெர்க் தரவை எடுங்கள். நாசா தளத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டால் போதும். மழைத்துளியையும் பனித்துகளையும் நுண்ணலையால் உணரும் பல செயற்கைக்கோள்களின் அளவுகளைச் சேர்த்துச் செய்வது அது. நாசாவும் ஜப்பானின் ஜாக்சாவும் 2014-ல் அனுப்பிய, அவற்றில் ஒன்றான ஜிபிஎம் செயற்கைக்கோளில் ரேடாரே இருக்கிறது. சுமார் 11 கி.மீ. கட்டத்துக்கு அரை மணிக்கொரு மதிப்பு கிடைக்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். கோப்பு அரை மணிக்குரியது, மதிப்போ மணிக்கு இத்தனை மி.மீ. என்று இருக்கும். 24, 36, 12 என்று வந்தால் பாதியாக்கி 12, 18, 6 என்று கூட்டுங்கள்: 36 மி.மீ. முதல் தடவை நான் பாதியாக்க மறந்து 72 என்று எழுதிவிட்டு, மொட்டைமாடி மழைமானி ஒழுகுகிறதோ என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.

அப்புறம் நேரம். தரவு கிரீன்விச் கடிகாரப்படி வரும். நம் காலை எட்டரை அதில் 03:00. அந்தக் கோப்பில் தொடங்கி மறுநாள் 02:30 வரை 48 கோப்புகளையும் கூட்டினால்தான் வானிலைத் துறையின் ஒரு நாள் மழையோடு ஒப்பிட முடியும்.

எண்கள் அச்சாகப் பொருந்தாது. கட்டம் ஏறக்குறைய 120 சதுர கி.மீ. பரப்பின் சராசரி, மழைமானியின் வாய் ஒரு சாண்கூட இருக்காது. கொட்டித் தீர்க்கும் நாளில் கட்டத்தின் எண் பெரும்பாலும் குறைந்தே நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவிலோ, உயரம் குறைந்த மேகமே நன்றாகப் பெய்துவிடும். உச்சியில் பனி குறைவு என்பதால் செயற்கைக்கோள் அதைத் தவறவிடும்.

ஐமெர்க்கில் முதலில் வெளியாகும் மதிப்பே சுமார் 4 மணி நேரம் தாமதம். ஆற்றில் தண்ணீர் ஏறும் இரவில் இதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்; வானிலைத் துறையின் ரேடார் படத்தைத் திறந்து வையுங்கள்.