"ரேம்ப் போட்டாச்சே" என்ற பதிலைத் தாண்டுவது எப்படி: கட்டட அணுகலுக்காகப் பேச ஆட்களைப் பழக்கும் முறை

சேலத்தில் ஒரு சமுதாயக் கூடத்தைப் பற்றிப் புகார் சொன்னால் முதலில் வரும் பதில், "ரேம்ப் போட்டாச்சே" என்பதுதான். போட்டிருப்பதும் உண்மையாக இருக்கும். மூன்று படி உயரத்துக்கு 2 மீட்டர் நீளத்தில் ஒரு சாய்தளம். சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு அதில் ஒருவர் ஏற முடியாது. பின்னால் ஆள் பிடித்தாலும் இறங்கும்போது கைநழுவும். "ஏற முடியலைங்க" என்று சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும். "45 சென்டிமீட்டர் உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேணுங்க, இங்க 2 மீட்டர்தான் இருக்குது" என்று சொன்னால் பொறியாளர் பதில் சொல்லியாக வேண்டும். முதல் வாக்கியத்தைச் சொல்பவரை இரண்டாவது வாக்கியம் சொல்பவராக மாற்றுவதே இந்தப் பயிற்சியின் வேலை.

ஆட்களும் இடமும்

ஒரு குழுவுக்கு 12 பேர் போதும். அதில் 8 பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும்: சக்கர நாற்காலியில் வருபவர், ஊன்றுகோலில் நடப்பவர், பார்வையற்றவர், பார்வை மங்கியவர், காது கேளாதவர். அறிவுசார் குறைபாடு உள்ளவர் வந்தால் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கேள்வியை அவரிடமே கேளுங்கள். மீதி இடத்தில் வார்டு உறுப்பினர், மகளிர் குழுத் தலைவி, ஒரு கொத்தனார் அல்லது மேஸ்திரி இருந்தால் நல்லது. மேஸ்திரியை விட்டுவிடாதீர்கள். "இந்த இடத்துல இதைச் செய்ய முடியாது" என்ற பேச்சு வரும்போது அவர் சொல்லும் ஒரு வார்த்தை நம் பத்து வார்த்தைக்குச் சமம்.

பயிற்சி நடக்கும் இடம் தரைத்தளமாகவும், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்திலும், சக்கர நாற்காலி உள்ளே போகக்கூடிய கழிப்பறையோடும் இருக்க வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பயணச் செலவை, உடன் வருபவருக்கும் சேர்த்து, அன்றே கையில் கொடுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளரை முதலில் உறுதி செய்துவிட்டுத் தேதி குறியுங்கள். ஏற்காட்டில் நடத்துவதாக இருந்தால் நேரத்தைக் கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நாகலூர், வாழவந்தி பக்கம் போகிறவர்கள் மாலை 3 மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும்.

இரண்டு நாள் பயிற்சி, நடுவில் ஒரு வாரம் இடைவெளி. அந்த வாரத்தில் ஒவ்வொருவரும் தன் ஊரில் ஒரு கட்டடத்தை அளந்துகொண்டு வர வேண்டும்.

முதல் நாள்: டேப்பைக் கையில் கொடுப்பது

இரண்டு பேருக்கு ஒரு செட்: 5 மீட்டர் டேப், வளையாத 120 சென்டிமீட்டர் மரச்சட்டம், ரசமட்டம் (குமிழியை வைத்து மட்டம் பார்க்கும் கருவி), சாக்பீஸ், ஒரு நோட்டு. அட்டையில் 1.5 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டமும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்வை அளப்பதைத்தான் அதிக நேரம் எடுத்துச் சொல்லித்தர வேண்டும். சட்டத்தைச் சாய்தளத்தின் மேல், ஏறும் திசையில் வையுங்கள். அதன் மேல் ரசமட்டம். மேல்முனை சாய்தளத்தைத் தொட்டிருக்க, கீழ்முனையை மெதுவாகத் தூக்குங்கள். குமிழி நடுவில் வந்து நின்றதும் கீழ்முனைக்கும் அதன் நேர்கீழே சாய்தளத்துக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளவெடுங்கள். 10 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் 1:12-க்குள் (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்), அதாவது சரி. முன்னே சொன்ன 2 மீட்டர் சாய்தளத்தில் இதே இடைவெளி 27 சென்டிமீட்டர் காட்டும். அந்த 27-ஐத் தன் கையால் அளந்தவர் பிறகு யாரிடமும் தயங்கிப் பேசுவதில்லை. மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். மேலே சாய்வு குறைந்தும் கீழே, தெருவைத் தொடும் இடத்தில், செங்குத்தாகவும் முடிக்கிற வழக்கம் நிறைய உண்டு. பார்வையற்றவர் அளக்கும்போது குமிழியை மட்டும் இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். சட்டம் அவர் கையில்தான் இருக்க வேண்டும். கைபேசியில் கோணம் காட்டும் செயலி இருந்தால் 4.8 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அதிகாரி முன்னால் சட்டமும் டேப்பும்தான் எடுபடும்.

மற்றவை சீக்கிரம் முடியும். சாய்தளத்தின் அகலம் குறைந்தது 120 சென்டிமீட்டர், உயரம் கூடினால் அகலமும் கூட வேண்டும். மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம். நீளமான சாய்தளத்துக்கு நடுவிலும் ஒன்று. கைப்பிடி இரண்டு பக்கமும், 76 மற்றும் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இரட்டைக் குழாயாக, சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு முனையிலும் 30 சென்டிமீட்டர் நீட்டி. கதவு திறந்த பிறகு கிடைக்கும் வழி 90 சென்டிமீட்டர். நிலைக்கு நிலை அளந்தால் கதவின் தடிமனையும் சேர்த்து ஏமாந்துபோவோம். வாசலில் உயர வித்தியாசம் 12 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. பழைய நிலைவாசல்கள் இதில்தான் தோற்கும்.

கழிப்பறைக்குள் அந்த அட்டை வட்டத்தைத் தரையில் போடுங்கள். வட்டம் மடங்காமல் விரிந்தால்தான் நாற்காலி திரும்பும். கோப்பையின் இருக்கை 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரம், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது பக்கவாட்டில் தள்ளுவதாக இருக்க வேண்டும். அளப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: சாவி யாரிடம்? பல இடங்களில் அந்த அறை நாற்காலியும் ஷாமியானாவும் அடுக்கும் ஸ்டோர் ரூமாகிவிட்டிருக்கும்.

கால்களுக்காக மட்டும் அளந்தால் பாதி வேலைதான். பெயர்ப் பலகையின் எழுத்து மங்கிய பார்வைக்குத் தெரிகிறதா, பார்வையற்றவர் வழியறியத் தரையில் பதித்த தொடு ஓடுகள் தூணில் போய் முட்டுகின்றனவா, டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதோடு எழுதியும் காட்டுகிறார்களா என்று அந்தந்தக் குறைபாடு உள்ளவரே சோதித்துச் சொல்லட்டும். கண்ணைக் கட்டி நடக்க வைக்கும் 'அனுபவப் பயிற்சி' வேண்டாம். கட்டியவருக்குப் பயமும் இரக்கமும்தான் மிஞ்சும். பல வருடமாகக் கோலோடு நடப்பவரின் திறமை அதில் தெரியவே தெரியாது.

மலையில் அளப்பது வேறு

ஏற்காட்டில் கட்டடத்தின் சாய்தளத்தைவிட அதற்கு வரும் பாதையே செங்குத்தாக இருக்கும். அங்கே 1:12 கேட்டால் 20 மீட்டர் நீளத்துக்கு இடம் எங்கே என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. அதனால் கட்டடத்தை முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சரிவில் கட்டிய கட்டடத்துக்குப் பின்புறமோ பக்கவாட்டோ மேல் ரோட்டின் மட்டத்தைத் தொடும் வாய்ப்பு அதிகம். அங்கே ஒரு ஜன்னலை வாசலாக மாற்றினால் சாய்தளமே தேவைப்படாது. அதையும் ஒதுக்குப்புற வாசலாக விடாமல் எல்லோரும் வரும் வாசலாகவே கேளுங்கள்.

மழையும் பனிமூட்டமும் உள்ள மாதங்களில் சிமென்ட் சாய்தளத்தில் பாசி படரும். வழவழப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம். காங்கிரீட் இறுகும் முன் விளக்குமாற்றால் குறுக்காக இழுத்த சொரசொரப்பே போதும். மேலே கூரை கேளுங்கள். சுரண்டிக் கழுவும் வேலையை ஒரு ஆள் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள்: யாரிடம், எந்தச் சட்டத்தோடு

கட்டடம் யாருடையது என்பதில் தவறினால் மனு ஆறு மாதம் சுற்றும். மாநகராட்சி சமுதாயக் கூடம் என்றால் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டலங்களில் எது என்று பார்த்து அந்த அலுவலகம். கிராமத்தில் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும். ரேஷன் கடையை நடத்துவது கூட்டுறவுச் சங்கமாகவும் கட்டடம் ஊராட்சியுடையதாகவும் இருக்கலாம். இருவருக்கும் நகல் போகட்டும். நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு.

சட்டத்தில் நான்கு பிரிவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 44ஆம் பிரிவு: அணுகல் விதிப்படி இல்லாத வரைபடத்துக்கு அனுமதி கிடையாது, நிறைவுச் சான்றும் கிடையாது. 45ஆம் பிரிவு: பழைய பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனிலேயே முடிந்தது. 23ஆம் பிரிவு: ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், வேலையில் பாகுபாடு கூடாது என்ற 20ஆம் பிரிவை மீறியதாகப் பதிவான புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான குழு. 89ஆம் பிரிவு: முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை, மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். இதோடு, ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரண், கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. "இதெல்லாம் கைட்லைன்தானே" என்பவரிடம் இந்தத் தேதியைச் சொல்லலாம்.

மனு ஒரே பக்கம். அதிலும் மூன்று கோரிக்கைதான். நாற்பது குறையைப் பட்டியல் போட்டால் பெயின்ட் அடிப்பது போன்ற சுலபமான இரண்டைச் செய்துவிட்டு 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பதில் வரும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அளந்த அளவு, இருக்க வேண்டிய அளவு, டேப்பின் எண் தெரிகிற புகைப்படம். "தயவுகூர்ந்து உதவ வேண்டுகிறோம்" என்ற வரிக்குப் பதில் "45ஆம் பிரிவின்படி இன்ன தேதிக்குள் செய்து தரக் கோருகிறோம்" என்று எழுதப் பழக்குங்கள். மரியாதை குறையாது, கெஞ்சலும் இருக்காது.

பிறகு பேசிப் பழகுதல். ஒருவர் அதிகாரியாக உட்காரட்டும்.

"இங்க வீல்சேர்ல யாரும் வர்றதே இல்லைங்களே?"

"ஏற வழியில்லாததாலதாங்க சார் வர்றதில்லை. வாசல்ல 45 சென்டிமீட்டர் படி இருக்குது."

"ஃபண்ட் இல்லைம்மா."

"எஸ்டிமேட் போட்டுத் தாங்க சார். ஊராட்சி நிதியில முடியலைன்னா எம்.எல்.ஏ. தொகுதி நிதிக்கு அதை வச்சுத்தான் கேக்கணும்."

நிதி இல்லை என்ற பதிலோடு திரும்பி வரக் கூடாது, எஸ்டிமேட் கேட்டுவிட்டு வர வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் இரண்டு முறையாவது நடித்துப் பார்க்கட்டும். திக்கிப் பேசுபவருக்கு, சைகையில் பேசுபவருக்கு அவசரப்படுத்தாமல் நேரம் கொடுங்கள். உடன் வந்தவர் குறுக்கே பேசினால் நிறுத்துங்கள். அலுவலகத்திலும் அதிகாரி உடன் வந்தவரைப் பார்த்துத்தான் பேசுவார், அதைத் திருப்பிவிடவும் இங்கேயே பழக வேண்டும்.

மனு கொடுத்த பிறகு

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்தச் சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் வையுங்கள். முதல்வரின் முகவரி உதவி எண் 1100-இலும் பதியலாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பேசியதோடு விடாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025-இல் தமிழ்நாட்டுச் சட்டங்கள் திருத்தப்பட்டன. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் மனுவின் நகல் அவருக்கும் போக வேண்டும்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "அங்கீகரித்த வரைபடத்தின் நகல், எஸ்டிமேட்டின் நகல், அளவுப் புத்தகத்தின் பக்கங்கள்" (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம் அது) என்று ஆவணத்தைக் கேளுங்கள். எஸ்டிமேட்டில் 6 மீட்டர் சாய்தளமும் தரையில் 2 மீட்டரும் இருந்தால் அடுத்த மனு தானாக எழுதப்படும்.

வேலைக்கு உத்தரவு வந்த பிறகுதான் பெரும்பாலான குழுக்கள் தளர்ந்துவிடுகின்றன. அங்கேதான் கெடும். காங்கிரீட் போடும் நாளுக்கு முதல் நாளே, சென்ட்ரிங் பலகை கட்டியவுடன், இரண்டு பேர் சட்டமும் ரசமட்டமுமாகப் போங்கள். பலகையை நகர்த்த அரை மணி நேரம். இறுகிய காங்கிரீட்டை உடைக்க இன்னொரு டெண்டர். முடிந்ததும் அங்கே யார் வண்டி நிறுத்துகிறார்கள், கேட்டில் யார் சங்கிலி போடுகிறார்கள் என்று ஒரு மாதம் பாருங்கள். மூன்றாம் மாதம் அதே 12 பேரையும் அந்தக் கூடத்திலேயே கூட்டி, அதே சட்டத்தை வைத்து மறுபடி அளந்து, எண்களை நோட்டில் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.